ஜனவரியில் வரும் ஏசி மெக்கானிக்

ஜக்பீர் தஹியாவுக்குக் கழுத்து கிடையாது. தோள் முடிகிற இடத்திலேயே காது தொடங்கிவிடும். எங்கள் ஊர்ப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புவரை என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது அவனுக்குக் கழுத்து இருந்தது, நானே பார்த்திருக்கிறேன். அதன் பிறகு அவன் இரும்பு தூக்கப் போனான், நான் பி.காம் படிக்கப் போனேன். ஏழு வருடம் கழித்து இரண்டு பேரும் குருகிராமில் ஒரே கேட்டுக்குள் வேலைக்கு வந்து சேர்ந்தோம். அதற்குள் அவனுக்குக் கழுத்து போயிருந்தது. எனக்கு என்ன வந்திருந்தது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அந்தக் குடியிருப்பின் பெயர் பெல்லா மரீனா எஸ்டேட்ஸ். கடல் அங்கிருந்து ஆயிரம் கிலோமீட்டர். ஏழு கோபுரங்கள், அறுநூற்று முப்பது வீடுகள், நடுவில் ஒரு கிளப் ஹவுஸ். எனக்குக் கேட்டை ஒட்டிய அலுவலகத்தில் வேலை. எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி என்று ஊரில் எனக்கு லட்டு கொடுத்து அனுப்பினார்கள். இங்கே நான் செய்வது, கேட் வழியாக உள்ளே வருகிற ஒவ்வொரு ஆளையும் செல்போன் செயலியில் ஒரு வகைக்குள் அடைப்பது. வீட்டு வேலை, சமையல், டிரைவர், கார் துடைப்பவர், தோட்டக்காரர், ஏசி மெக்கானிக், பூச்சிமருந்து அடிப்பவர், விருந்தாளி. வீட்டுக்காரர் தன் போனில் வகையைத் தேர்ந்தெடுத்து அனுமதி கொடுத்தால்தான் காவலர் உள்ளே விடுவார். விருந்தாளி என்றால் பளிங்குத் தரை, கண்ணாடி பதித்த லிஃப்ட். மற்ற எல்லோருக்கும் பின்பக்கத்து சர்வீஸ் லிஃப்ட், குப்பைக் கூடைகளோடு.

அந்தப் பட்டியலில் உடற்பயிற்சியாளர் என்று ஒரு வகை கிடையாது. சேர்ப்பதற்கு எனக்கு இரண்டு நிமிடம் போதும். யாரும் கேட்கவில்லை.

ஏனென்றால் யாருக்கும் அது தேவைப்படவில்லை. ஜக்பீருக்கு அங்கே ஒன்பது வீடுகள். ஒன்பது வீட்டிலும் முதல் நாள் சொல்லப்பட்டது ஒரே வாக்கியம்தான்: "கோச் ஜி, இது வெளியே யாருக்கும் தெரிய வேண்டாம்." புதுக் காரின் டயரைக்கூடப் படமெடுத்துப் போடுகிறவர்கள் இவனை மட்டும் ஏன் ஒளித்து வைக்கிறார்கள் என்று ஆரம்பத்தில் எனக்குப் புரியவில்லை. இரண்டு வருடம் கேட்டில் உட்கார்ந்த பிறகு புரிந்தது. அந்த வீடுகளில் பாத்திரம் கழுவுவது, நாயை நடத்திப் போவது எல்லாம் ஆள் வைத்துச் செய்கிறார்கள். ஒல்லியாக இருப்பது மட்டும் தங்களுடைய சொந்தச் சாமர்த்தியமாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறார்கள். அதற்கும் ஆள் வைத்திருக்கிறோம் என்று எப்படிச் சொல்வார்கள்?

சி கோபுரம், பதினான்காவது மாடி, ருச்சிகா பல்லா மேடம். விடியற்காலை ஐந்தரை மணி. செயலியில் அவர் ஜக்பீருக்குக் கொடுத்திருந்த வகை, ஏசி மெக்கானிக். மே மாதம் யாரும் கவனிக்கவில்லை. ஜனவரியில், எதிரே வருகிறவன் மூக்கு தெரியாத பனிமூட்டத்தில், கம்பளியும் குல்லாயுமாக நடுங்கிக்கொண்டு நிற்கிற காவலர்கள், தினமும் ஒருவன் ஏசி பழுது பார்க்கப் போவதைப் பார்த்துச் சிரித்துச் சிரித்துச் சூடேற்றிக்கொண்டார்கள்.

மேடம் பதினான்கு மாதத்தில் பதினான்கு கிலோ இளைத்தார். காரணம் கேட்ட தோழிகளிடம் சீரகத் தண்ணீர் என்றார். மணாலியில் ஒரு பெரியவர் சொல்லிக் கொடுத்த பக்குவமாம். அன்றிலிருந்து சி கோபுரம் முழுக்கக் காலையில் சீரகம் கொதிக்கிற வாசனை. சர்வீஸ் லிஃப்டில் ஏறினாலே ஜக்பீருக்குப் பசிக்கும்.

"இன்னும் எத்தனை கோச் ஜி?" என்பாராம் மேடம், தரையில் கிடந்தபடி.

"எட்டு."

"போன தடவையும் எட்டுதானே சொன்னீங்க?"

"நடுவுல நீங்க போன் பேசுனீங்க மேடம். அதுல எட்டு மறுபடி எட்டாயிருச்சு."

"போன்ல நம்ம விஷயம்தான். கபூர் வீட்டு அம்மாவுக்குச் சீரகத் தண்ணி ஒத்துக்கலையாம். ஒரே வாந்தியாம்."

"நிறுத்தச் சொல்லுங்க மேடம்."

"எப்படிச் சொல்றது? ரெட்டிப்பா குடிக்கச் சொல்லிட்டேன்."

இதையெல்லாம் ஜக்பீர் எங்கள் அறையில் ரொட்டி தின்றுகொண்டே நடித்துக் காட்டுவான். கோபுரங்களுக்குப் பின்னால் இருக்கும் வஜீராபாத் கிராமத்தில் இரண்டு பேருக்கும் ஒரே அறை. மேடத்தின் குரல் அவனுக்கு அப்படியே வரும். அந்த உடம்பிலிருந்து அந்தக் குரல் வரும்போது நான் கட்டிலிலிருந்து விழுந்திருக்கிறேன்.

இ கோபுரத்து மானவ் சச்தேவா ஒரு காப்பீட்டுக் கம்பெனியில் துணைத் தலைவர். அவர் கொடுத்த வகை, டிரைவர். கம்பெனியில் தினம் யார் அதிகம் நடக்கிறார்கள் என்று போட்டி. அடிகளை எண்ணுகிற கடிகாரத்தை ஜக்பீர் கையில் கட்டிவிட்டு அவர் தூங்கப் போய்விடுவார். இந்தச் சங்கதி இன்னும் இரண்டு வீட்டுக்குப் பரவி, ஒரு கட்டத்தில் அவன் இடது கையில் இரண்டு, வலது கையில் ஒன்று என்று மூன்று கடிகாரம் கட்டிக்கொண்டு பூங்காவைச் சுற்றினான். சச்தேவாவுக்கு 'ஆண்டின் ஆரோக்கியத் தலைவர்' பரிசு கிடைத்தது. மேடையில் அவர் சுய ஒழுக்கம் பற்றிப் பேசியதை ஜக்பீர் போனில் எனக்குக் காட்டினான்.

"டேய் பி.காம், பாருடா. என் காலுக்குக் கை தட்டுறாங்க."

எனக்கு அவன் வைத்த பெயர் பி.காம். ஊரில் மரியாதையாகத் தொடங்கியது, எங்கேயோ வழியில் கிண்டலாகிவிட்டது.

ஏ கோபுரத்தில் பிரிகேடியர் சிப்பர். ஓய்வு பெற்றவர், குடியிருப்போர் சங்கத் தலைவர். முட்டி மாற்றிய பிறகு தன் ஷூவுக்குத் தானே கயிறு கட்ட முடியாமல் இருந்தவரை எட்டு மாதத்தில் பூங்காவில் அணிவகுக்க வைத்தவன் ஜக்பீர். அங்கே அவன் தோட்டக்காரர். பதினோராவது மாடி பால்கனியில் இருப்பதோ இரண்டு தொட்டி மணிபிளான்ட். பிரிகேடியர் தினமும் ஏழு மணிக்குப் பூங்காவில் இளைஞர்களை நிறுத்திவைத்துச் சொல்வார்: "என்னைப் பாருங்க. ஒரு மிஷின் கிடையாது, ஒரு பயிற்சியாளன் கிடையாது. ராணுவ ஒழுங்கு, அவ்வளவுதான்." அப்போது ஜக்பீர் சில சமயம் மூன்று கடிகாரங்களோடு அவர் பின்னால் நடந்து போய்க்கொண்டிருப்பான்.

கடைசியாக எஃப் கோபுரத்து பிரமோத் சூத். பழைய தில்லியில் குழாயும் வாஷ்பேசினும் விற்கிற கடை. மனைவி இறந்துவிட்டார், மகன் கனடாவில். இவரிடம் பயிற்சி என்பது, அரைக்கிலோ இரும்பை ஒரு கையில் பிடித்தபடி, ஒழுகுகிற குழாய்களைப் பற்றி அவர் ஒரு மணி நேரம் பேசுவது. இன்னொரு கையில் முள்ளங்கிப் பராத்தா இருக்கும். ஜக்பீருக்கும் ஒரு தட்டு, மேலே வெண்ணெய்.

"சூத் ஜி, இதைச் சாப்பிட்டா எப்படி இறங்கும்?"

"இறங்கலைன்னா நீ வந்துக்கிட்டே இருப்பேல்ல? சாப்பிடு மகனே, ஆறிடும்."

இரண்டு வருடத்தில் சூத் பதினோரு கிலோ ஏறினார். ஜக்பீருக்குத் தன் தொழிலில் அந்த ஒரு வீட்டைப் பற்றித்தான் வெட்கம். "அவரை மட்டும் எவனும் கேட்காம இருக்கணும்டா," என்பான். செயலியில் அவனை 'விருந்தாளி' என்று போட்டிருந்த ஒரே வீடும் அதுதான். அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் அவன் கண்ணாடி லிஃப்டில் போனான்.

இப்படியே போயிருக்கும். ஆனால் ஒரு கல்யாண வீட்டில் அவன் நீலம் என்ற பெண்ணைப் பார்த்தான். ஜஜ்ஜரில் பள்ளி ஆசிரியை. அவளுக்கும் பிடித்திருந்தது. அவள் அப்பா ஹோஷியார் சிங் அரசுப் பேருந்து நடத்துனராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்து நான்கு வருடம் டிக்கெட் இல்லாதவனைக் கண்டுபிடித்தே பழகிய கண். போனிலேயே விசாரணை நடந்தது. ஜக்பீர் ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் நானும் கேட்டேன். பெரியப்பா முறையில் இருப்பவரை எங்கள் பக்கம் தாவ் என்போம்.

"என்ன வேலை பண்ற?"

"கோச், தாவ் ஜி."

"எந்த டீமுக்கு?"

"டீம் இல்லை. தனித்தனி ஆளுக்கு."

"தனித்தனியா என்னடா பண்ணுவே?"

"உடற்பயிற்சி சொல்லித் தருவேன். அவங்கவங்க வீட்டுக்குப் போயி."

"வீட்டுக்குப் போயி... பொம்பளைங்களுக்கா?"

"ஆம்பளைங்களுக்கும்தான் தாவ் ஜி."

அந்தப் பக்கம் ஒரு எருமை கத்துவது மட்டும் கேட்டது. பிறகு ஹோஷியார் சிங் சொன்னார்: "உன் பேரு எந்த போர்டுல எழுதியிருக்குன்னு காட்டு. வந்து பார்க்கிறேன். அப்புறம் பேசலாம்."

அந்த அக்டோபரில்தான் கிளப் ஹவுஸ் உடற்பயிற்சிக் கூடத்தைப் புதுப்பித்து முடித்தார்கள். குடியிருப்புக்கென்று ஒரு பயிற்சியாளர், வாசலில் பித்தளைப் பலகையில் அவர் பெயர். தில்லியிலிருந்து ஒரு ஏஜென்சி கேட்டிருந்தது. ஜக்பீரும் மனு போட்டான். தனி ஆளாகக் கேட்பவருக்குச் சங்கம் ஒரு விதி வைத்திருந்தது: பொதுக்கூட்டத்தில் ஐந்து வீட்டுக்காரர்கள் கை தூக்கி, இவரிடம் பயிற்சி பெற்றோம், திருப்தி என்று சொல்ல வேண்டும்.

"அஞ்சுதானே? என்கிட்ட ஒன்பது இருக்கு," என்றான் ஜக்பீர். "சூத்தை விட்டாக்கூட எட்டு."

ஒவ்வொருவரிடமும் சொன்னான். பல்லா மேடம், "இதைக் கேட்கணுமா கோச் ஜி? உயிரைக் கொடுத்திருக்கீங்க," என்றார். சச்தேவா அவன் தோளைத் தட்டினார். பிரிகேடியர் தொண்டையைச் செருமினார், இவன் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான். ஒரு கோட்டு தைத்தான். தையற்காரர் அளவு நாடாவை இரண்டு முறை உதறிப் பார்த்தார். கூட்டம் நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வெள்ளி, சனி இரண்டு நாளும் ஒன்பது வீட்டுக்கும் தோள்பட்டைப் பயிற்சி கொடுத்தான்.

"எதுக்குடா எல்லாருக்கும் ஒரே பயிற்சி?" என்று கேட்டேன்.

"கை நல்லா ஜம்முனு மேலே போகணும்டா. பாதியில மடங்கி நின்னா பார்க்க நல்லாவா இருக்கும்?"

தோள்பட்டை வலி மறுநாள்தான் வந்து சேரும் என்பது இந்தத் தொழிலில் முதல் பாடம். அந்த வாரம் அவனுக்கு அது மறந்துபோயிற்று.

காலை பதினோரு மணிக்குக் கூட்டம். நூறு பேர், சமோசா, டீ. நான் ஓரத்தில் மடிக்கணினியோடு குறிப்பு எழுத உட்கார்ந்தேன். ஏஜென்சிக்காரர் திரையில் படங்கள் காட்டினார். பிறகு ஜக்பீர் கோட்டோடு எழுந்து நின்றான். கோட்டுக்குள் அலமாரி நிற்பது போல இருந்தது.

"இந்தப் பையன்கிட்ட பயிற்சி எடுத்தவங்க யார் யாரு?" என்று கேட்டார் பிரிகேடியர், மேலே மின்விசிறியைப் பார்த்தபடி. "கை தூக்குங்க."

ஒரு கையும் எழவில்லை. சச்தேவா தன் கடிகாரத்தைப் பார்த்தார். அன்று காலைதான் அது ஒன்பதாயிரம் அடிகளோடு ஜக்பீர் கையிலிருந்து அவர் கைக்குத் திரும்பியிருந்தது. பல்லா மேடம் சமோசாவின் மூலையை ஒடித்து, அதை உண்ணலாமா என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். பக்கத்திலிருந்த கபூர் வீட்டு அம்மாள் அவரிடம் குனிந்தார். குனிந்தாரே தவிர, குரல் நான்கு வரிசை கேட்டது.

"ருச்சிகா, இந்தப் பையனை உங்க மாடியில பார்த்திருக்கேனே?"

"ஏசி ரிப்பேர். எங்க வீட்டு ஏசி ரொம்ப மோசம்."

"நல்லா பண்ணுவானா? எங்க வீட்டுக்கும் அனுப்பேன்."

"ரொம்ப நல்ல பையன். நம்பி வீட்டுக்குள்ள விடலாம்."

ஜக்பீர் அவர்களுக்கு ஆறடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தான். அவன் முகத்தில், இன்னும் எட்டு என்று எண்ணுகிற அதே பொறுமை.

பிரிகேடியர் என் பக்கம் திரும்பினார். "ஆபீஸ்!" அவருக்கு என் பெயர் அதுதான். "கேட் பதிவைப் பார்த்துச் சொல்லு. இந்தப் பையன் பயிற்சியாளனா எத்தனை வீட்டுக்கு வந்திருக்கான்?"

பதிவு என் முன்னால் திறந்திருந்தது. இரண்டு வருடம், ஆயிரக்கணக்கான வரிகள், எல்லாம் ஜக்பீர் தஹியா. ஏசி மெக்கானிக், சி கோபுரம். டிரைவர், இ கோபுரம். தோட்டக்காரர், ஏ கோபுரம், பதினோராவது மாடி. அதை அப்படியே உரக்கப் படித்திருந்தால் போதும். ஜனவரி மாதத்தை மட்டும் படித்திருந்தால்கூடப் போதும். பிரிகேடியர் என்னையே பார்த்தார். அவருடைய ஒரு கையெழுத்தில்தான் என் வேலை இருந்தது.

"டிரெய்னர்னு ஒரு பதிவும் இல்லை சார்," என்றேன்.

அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. கல்லூரியில் மூன்று வருடம் எனக்குக் கற்றுக் கொடுத்தது இப்படிப் பேசத்தானோ என்று அன்று தோன்றியது. ஜக்பீர் என்னைத் திரும்பிப் பார்த்தான். கோபமில்லை. பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குத் தேர்வில் நான் என் தாளைக் கையால் மறைத்தபோது ஒரு முறை இப்படித்தான் பார்த்தான்.

அப்போது பின்வரிசையில் ஒரு கை எழுந்தது. சூத். மற்றொரு கையில் சமோசா.

"நான் இருக்கேன். ரெண்டு வருஷமா என்கிட்ட வர்றான்."

"பலன் உண்டா சூத் ஜி?"

"பதினோரு கிலோ."

"குறைஞ்சிருக்கா?"

"ஏறியிருக்கு."

கூடம் அதிர்ந்தது. பிரிகேடியரே கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சூத் கையை இறக்காமல், சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார்.

"சிரிங்க, சிரிங்க. இந்த ரெண்டு வருஷத்துல என் வீட்டுக் காலிங் பெல்லை அடிச்சவன் இவன் ஒருத்தன்தான். நான் இளைக்காதது என் தப்பு, அவன் தப்பு இல்லை."

பிறகு யாரோ பச்சைச் சட்னி இருக்கிறதா என்று கேட்டார்கள். நான் குறிப்பில் எழுதினேன்: ஆதரவு, ஒருவர். ஏஜென்சிக்கு ஒப்பந்தம் வழங்கப்பட்டது.

அறைக்கு வந்ததும் அவன் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினான். ஆணி வளைந்தது.

"நீ படிச்சிருக்கலாமேடா," என்றான்.

"படிச்சிருந்தா என் வேலை போயிருக்கும்டா. பதிவுல இருந்ததைத்தான் சொன்னேன்."

"பதிவுல வகையைப் போடுறவன் யாரு?"

அவன் ரொட்டிக்கு மாவு பிசையப் போனான். அன்று எனக்கும் சேர்த்துத்தான் சுட்டான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மறுநாள் ஐந்தரைக்கு ஏசி மெக்கானிக் வழக்கம்போலப் பதிவானான். பல்லா மேடம் வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாராம்.

"கோச் ஜி, தப்பா நினைக்காதீங்க. கையைத் தூக்கத்தான் பார்த்தேன். சத்தியமா தோள் அசையவே மாட்டேன்னுடுச்சு. ரெண்டு நாளா அந்தப் பாடு படுத்தினது நீங்கதானே?"

சச்தேவாவும் அதையே சொன்னார். இன்னும் நான்கு வீட்டில் அதையே சொன்னார்கள். பிரிகேடியர் முட்டியை மட்டும் நீட்டினார். ஜக்பீர் யாரையும் மறுத்துப் பேசவில்லை. "அப்போ தோள் வேண்டாம் மேடம், இன்னிக்குக் காலு," என்றான். அடுத்த மூன்று நாள் அந்த வீடுகளில் சோபாவில் உட்கார்ந்தவர்களால் எழுந்திருக்க முடியவில்லை என்று வேலைக்காரப் பெண்கள் சொன்னார்கள். அவனுடைய கோபம் மொத்தமும் அவ்வளவுதான்.

கிளப் ஹவுஸ் வாசலில் பித்தளைப் பலகை வந்தது, ஏஜென்சி ஆளின் பெயரோடு. ஆனால் அந்தக் கூடத்துக்கு நாலு பக்கமும் கண்ணாடிச் சுவர். உள்ளே மூச்சிரைக்கிறவர்களைப் பூங்காவிலிருந்து குழந்தைகள்கூடப் பார்க்கலாம். எனவே யாரும் போகவில்லை. பெயர்ப்பலகைக்காரர் உள்ளே தனியாக நின்று தன்னையே கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார். ஜக்பீருக்கு டிசம்பரில் பதினான்கு வீடுகள். கபூர் வீட்டு அம்மாள்கூடக் கூப்பிட்டார். அங்கே அவன் பூச்சிமருந்து அடிப்பவர்.

ஹோஷியார் சிங் சொல்லாமல் கொள்ளாமல் வந்தது அந்த மாதத்தில்தான். தலைப்பாகையும் கம்பளியுமாகக் கேட்டில் நின்று, "ஜக்பீர் கோச்சைப் பார்க்கணும்," என்றார். பீகார்க் காவலர் போனைத் தட்டிப் பார்த்தார்.

"கோச்னு யாரும் இல்லையே தாவ். ஏசி மெக்கானிக் ஜக்பீர்தான் இருக்காரு."

பெரியவர் நேராக என் மேஜைக்கு வந்தார். "தம்பி, உன்னைப் பார்த்தா படிச்சவன் மாதிரி இருக்கே. உள்ளதைச் சொல்லு. அந்தப் பையன் இங்கே என்ன பண்றான்?"

எனக்கு இன்னொரு வாய்ப்பு. திரையில் சி கோபுரத்துப் பதிவு திறந்திருந்தது, அதை அவர் பக்கம் திருப்பினேன். பேருந்தில் டிக்கெட் கணக்குச் சரிபார்ப்பது போல ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். சி கோபுரம், ஏசி மெக்கானிக். மறுநாள், ஏசி மெக்கானிக். அதற்கு மறுநாளும்.

"இந்தக் குளிர்லயுமா தினமும் கூப்பிடுறாங்க?"

"தினமும்தான்."

"அப்போ பையனுக்குக் கைராசி இருக்கு." முகம் மலர்ந்துவிட்டது. "தொழில் தெரிஞ்ச பையன். இதைச் சொல்றதுக்கு என்ன வெட்கம் அவனுக்கு? கோச்சு, கீச்சுன்னு உளறிக்கிட்டு. வீடு வீடாப் போயி பொம்பளைங்களைக் குனிய வச்சு நிமிர வைக்கிறவனோன்னு நானும் பயந்தே போயிட்டேன்."

நான் வாயைத் திறக்கவில்லை. இந்த முறை நண்பனுக்காகத்தான் பேசாமல் இருக்கிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். நவம்பரில் பேசாமல் இருந்ததும் இதே வாய்தான் என்பதும் நினைவுக்கு வந்தது.

ஹோலிக்கு முன்னால் கல்யாணம் என்று முடிவாயிற்று. நீலத்திடம் ஜக்பீர் போனில் விஷயத்தைச் சொன்னபோது அவள் ஐந்து நிமிடம் சிரித்தாள். பிறகு, "அப்பாகிட்ட மூச்சு விட்டுறாதீங்க. கல்யாணம் முடியட்டும், நானே சொல்லிக்கிறேன்," என்றாள்.

ஜனவரியில் ஒரு நாள் எனக்குப் பொறுக்காமல், செயலியில் 'பயிற்சியாளர்' என்று ஒரு வகை சேர்த்தேன். சரியாக இரண்டு நிமிடம் ஆயிற்று. ஜக்பீரின் பெயரை அதற்குள் மாற்றினேன். இரண்டு வருடம் தாமதமாக ஒரு நல்ல காரியம் செய்துவிட்ட நிம்மதியோடு தூங்கினேன். மறுநாள் விடிந்தபோது பதினான்கு வீடுகளில், வீட்டிலுள்ள எல்லோருடைய போனிலும், 'உங்கள் பயிற்சியாளர் வந்திருக்கிறார்' என்று மணியடித்தது. எட்டு மணிக்குள் ஆறு புகார். பிரிகேடியர் நேரடியாகக் கூப்பிட்டார்: "ஆபீஸ், என் தோட்டக்காரன் எங்கே?"

எல்லோருக்கும் முன்னால் ஓடி வந்து நின்றவன் ஜக்பீர்தான். அந்தக் குளிரில் வியர்த்திருந்தான்.

"அழிடா! உடனே அழி!"

"உன் பேருக்காகத்தானே..."

"ஹோஷியார் சிங்கோட தங்கச்சி மகன் நேத்துல இருந்து பி கோபுரத்துல டிரைவர்டா! அவன் கண்ணுல பட்டா கல்யாணம் காலி. நல்லது பண்றதா இருந்தா நவம்பர்ல பண்ணியிருக்கணும் பி.காம்."

அழித்தேன். அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பட்டியலில் அவன் மறுபடி ஏசி மெக்கானிக் ஆனான்.

அத்தோடு முடியவில்லை. ஹோஷியார் சிங் வீட்டு ஏசி போன கோடையிலிருந்து உள்ளே தண்ணீர் ஒழுகுகிறதாம். மாப்பிள்ளை ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்துக் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு. ஜக்பீர் மூன்று நாள் போனில் வீடியோ பார்த்தான். ஒரு திருப்புளி வாங்கினான். அவன் விரல்களுக்குள் அது பல்குத்தும் குச்சி மாதிரி இருந்தது. கடைசியில் சூத்திடம் போய்ப் புலம்பியிருக்கிறான்.

"தண்ணிதானே ஒழுகுது?" என்றார் சூத். "தண்ணி ஒழுகுனா அது என் டிபார்ட்மெண்ட். வண்டியை எடுக்கிறேன்."

ஜஜ்ஜருக்கு மூன்று பேரும் போனோம். ஹோஷியார் சிங் வாசலில் கட்டிலைப் போட்டு, மோர் கொடுத்து, சூத்தை ஏற இறங்கப் பார்த்தார். நல்ல சட்டை, தங்கச் சங்கிலி, பெரிய வயிறு.

"இவரு யாரு?"

ஜக்பீர் திருதிருவென்று விழித்தான். சூத் திருப்புளியை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"நான் இவருக்கு உதவியாள் ஜி. இந்த வயசுல தொழில் கத்துக்கிறேன். இன்னிக்கு என்னைச் செய்ய விட்டு, மாஸ்டர் பார்க்கப் போறாரு."

அந்தக் குடியிருப்பில் எத்தனையோ பேர் தங்களுக்காக ஜக்பீரை ஒளித்து வைத்திருக்கிறார்கள். அவனுக்காகத் தன்னை ஒளித்துக்கொண்ட ஒருவரை அன்றுதான் பார்த்தேன்.

ஸ்டூல் முனகியது. ஜக்பீர் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டான். பதினோரு கிலோ கூடுதலோடு சூத் மேலே ஏறி, சுவரின் உச்சியில் இருந்த ஏசிக்கு இரண்டு கையையும் தூக்கினார். குழாயைக் கழற்றி, ஊதி, சரிவு பார்த்து மாட்ட இருபது நிமிடம் ஆயிற்று. அவ்வளவு நேரமும் கைகள் தலைக்கு மேலேயே இருந்தன. ஒரு தடவைகூட இறக்கவில்லை.

"உதவியாள் தேவலாமே," என்றார் ஹோஷியார் சிங்.

ஜக்பீர் ஸ்டூலைப் பிடித்தபடியே என் பக்கம் சாய்ந்தான்.

"தோளைப் பாருடா," என்று முணுமுணுத்தான். "எவ்வளவு நேரா மேலே போகுது பாரு. ரெண்டு வருஷம் நான் சொல்லிக் கொடுத்ததுடா."

பிறகு மேலே பார்த்துச் சத்தமாகச் சொன்னான்: "அப்படியே இருங்க. இன்னும் எட்டு."